சாஃப்ட்வேர் கிடைத்துவிடும், ரோட்டை யார் தோண்டுவது?

நான் வேலை பார்க்கும் தென்னாப்பிரிக்காவில் ரோடு போடும் விதத்தை முதன்முதலாகப் பார்க்கிற நம்மூர் என்ஜினியருக்குத் திக்கென்றுதான் இருக்கும். சரக்கு லாரிகள் வரிசை கட்டிப் போகிற பெரிய சாலைகள் பலவற்றில் மேலே தார்க்கலவை வெறும் 40, 50 மில்லிமீட்டர்தான். சில சாலைகளில் அதுவும் கிடையாது. தாரைத் தெளித்து மேலே ஜல்லியைத் தூவிய 'சீல்' மட்டும். ஊரில் யாராவது இப்படிப் போட்டால், "கான்ட்ராக்டர் நல்லா அடிச்சிட்டான்" என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

விஷயம் எல்லாம் தாருக்குக் கீழே இருக்கிறது. அடுத்த அடுக்கு 150 மில்லிமீட்டர் ஜி1. சிதையாத புதுப் பாறையை உடைத்து, அளவு வாரியாகக் கலந்து பரப்பிய ஜல்லி இது. பரப்பி ரோலர் ஓட்டியதோடு வேலை முடியாது. தண்ணீரைத் தாராளமாக விட்டு மறுபடி மறுபடி உருட்டுவார்கள். உருட்ட உருட்ட, கல்லுக்கு இடையே அதிகப்படியாக இருக்கும் பொடி சேறாக மேலே பொங்கி வரும். அதை வாரித் தள்ளிவிட்டு மறுபடி உருட்டுவார்கள். ஸ்லஷிங் என்று பெயர். காய்ந்தபிறகு பெருக்கிப் பார்த்தால் பழைய வீட்டு மொசைக் தரை மாதிரி கல்லோடு கல் கோத்துக் கிடக்கும். பாறையின் சொந்த அடர்த்தியில் 88 சதவீதம் வரவேண்டும் என்பது கணக்கு. ஜல்லியைக் கொட்டி, அதில் நூற்றுக்கு 12 பங்குதான் காற்று இருக்கலாம் என்று சொல்வது எவ்வளவு கறாரான நிபந்தனை என்பது ஜல்லி கொட்டியவர்களுக்குத் தெரியும். இதற்கும் கீழே 250, 300 மில்லிமீட்டர் சிமெண்ட் கலந்த சப்பேஸ் என்ற கீழடுக்கு. அடியில் அது கெட்டியாக இருந்தால்தான் மேலே ஜி1 இவ்வளவு இறுகும்.

கெட்டியான அடுக்கு கீழே, கட்டுக்கோப்பில்லாத ஜல்லி மேலே. பாடப்புத்தகத்தில் படித்ததைத் தலைகீழாகப் போட்டது போல இருக்கும். இதை எந்தத் தைரியத்தில் போட்டார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

பழைய முறையில் ரோட்டின் தடிமன் எப்படி வந்தது? அடிமண்ணின் சி.பி.ஆர். (மண் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் சோதனை எண்) எடு, லாரி எண்ணிக்கையைப் பார், வளைகோட்டில் கோடு இழு, இத்தனை மில்லிமீட்டர். இப்படி அனுபவத்தை மட்டும் நம்பிய முறைகளின் பெரிய பகுதி அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊரில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ (அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) ரோடு டெஸ்டிலிருந்து வந்தது. அச்சுச் சுமை இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்று நாம் எல்லோரும் ஒப்பிக்கிற நாலாம் அடுக்கெண் விதியும் அங்கே பிறந்ததுதான். நல்ல சோதனை. ஆனால் ஒரே அடிமண், ஒரே தட்பவெப்பம், ஏறத்தாழ 11 லட்சம் அச்சுகள் ஓடின, அவ்வளவுதான். டர்பன் பக்கத்து 'பெரியா' (Berea) சிவப்பு மணலுக்கும், எங்கள் கோவில்பட்டிக் கரிசலுக்கும் இல்லினாய் என்ன பதில் சொல்லும்? (பெரியா மணலைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். திருச்செந்தூர் போகிற வழியில் தேரிக்காட்டில் இறங்கிப் பாருங்கள். அதே கடலோரக் குன்று மணல், அதே சிவப்பு.)

இயந்திரவியல்-அனுபவ முறை இந்த இடத்தில்தான் நுழைகிறது. பெயர்தான் மிரட்டும். முதல் பாதி கணக்கு: ரோட்டை அடுக்கடுக்கான மீள்பொருளாக (அமுக்கினால் அமுங்கி, விட்டால் பழையபடி திரும்புவதாக) எடுத்துக்கொண்டு, சக்கரம் மேலே நிற்கும்போது ஒவ்வொரு அடுக்கிலும் தகைவு (உள்ளே விழும் அழுத்தம்) எவ்வளவு, திரிபு (அதனால் வரும் உருமாற்றம்) எவ்வளவு என்று கண்டுபிடிப்பது. தாரின் அடிப்பக்கம் எவ்வளவு இழுபடுகிறது, அடிமண்ணின் தலையில் எவ்வளவு அமுக்கம் என்பவைதான் முக்கியமான எண்கள். இரண்டாம் பாதி அனுபவம்: இவ்வளவு திரிபு இருந்தால் இத்தனை லட்சம் அச்சுகளுக்குப் பிறகு வெடிக்கும், இத்தனை லட்சத்தில் சக்கரத் தடம் 20 மில்லிமீட்டர் பதியும் என்று சொல்லும் சூத்திரம். கணக்கு உலகம் முழுக்க ஒன்றுதான். பர்மிஸ்டர் 1943-இலேயே இரண்டு அடுக்குக்குத் தீர்வு எழுதிவிட்டார். இன்று லேப்டாப்பில் ஒரு நொடிக்குள் முடிகிற வேலை. சூத்திரத்துக்குத்தான் ஊர் உண்டு, மண் உண்டு, மழை உண்டு.

பிரிட்டோரியாவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் 1970-களில் இந்த இரண்டாம் பாதியை உழைத்துச் சம்பாதித்தார்கள். ஹெவி வெஹிக்கிள் சிமுலேட்டர் என்ற இயந்திரம்தான் அதற்குக் கருவி. 20 மீட்டருக்கு மேல் நீளமான ராட்சத வண்டி. வயிற்றுக்கு அடியில் ஒரே ஒரு லாரிச் சக்கர ஜோடி. அதை 8 மீட்டர் துண்டின்மேல் இரவு பகலாக முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். சுமையை 20 கிலோநியூட்டனிலிருந்து 200 வரை ஏற்றலாம். விமானச் சக்கரம் மாட்டினால்தான் அந்த மேல் எல்லை. ரோடு 20 வருடம் வாங்க வேண்டிய அடியைச் சில மாதத்தில் வாங்கிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், வண்டியை ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் நிறுத்தி வைக்கவில்லை என்பதுதான். மக்கள் ஓட்டிக்கொண்டிருந்த நிஜ ரோடுகளுக்குக் கொண்டு போனார்கள். கான்ட்ராக்டர் போட்ட ரோடு, உள்ளூர் ஜல்லி, உள்ளூர் ரோலர். ஒரே துளையில் பல ஆழங்களில் உணர்கருவி பதித்து, எந்த அடுக்கு எவ்வளவு அசைகிறது என்று தனித்தனியாக அளந்தார்கள். காய்ந்த நிலையில் லட்சக்கணக்கில் ஓட்டிவிட்டு, அப்புறம் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு ஓட்டினார்கள். காய்ந்தவரை ஜி1 கல்லுப்பிள்ளையார் போல அசையாமல் இருக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கிவிட்டால் சரசரவென்று பதிய ஆரம்பிக்கும். மேலே தார் மெல்லிசாக இருக்கலாம், ஆனால் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற இந்த ஊர்ப் பிடிவாதம் அங்கிருந்து வந்தது. சீல் வெடித்தால் உடனே அடைக்கிற பராமரிப்பும் டிசைனின் ஒரு பகுதி. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத துறை இந்த டிசைனைக் காப்பியடிக்கவே கூடாது.

கலிபோர்னியா 1990-களில் இரண்டு சிமுலேட்டர்களை வாங்கிப் போனது. வாங்கிய கையோடு தங்கள் ரோடுகளின் மேல் ஓட்டித் தங்கள் எண்களை எடுத்தார்கள். தென்னாப்பிரிக்கா எடுத்து வைத்த எண்களை மட்டும் வாங்கிப் போயிருந்தால் செலவு எவ்வளவோ மிச்சம். ஆனால் அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

இதையெல்லாம் எழுத வைத்தவன் ஊரில் நெடுஞ்சாலை வேலையில் இருக்கும் என் கல்லூரி ஜூனியர். "அண்ணே, நீங்க யூஸ் பண்ற சாஃப்ட்வேர் ஒரு காப்பி அனுப்புங்க. இங்க ஐ.ஐ.டி.பேவ்ல போட்டா எல்லா ரோட்டுக்கும் ஒரே மாதிரிதான் வருது" என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தான். ஐ.ஐ.டி.பேவ் என்பது நம்மூரில் இந்த அடுக்குக் கணக்கைப் போடும் சாஃப்ட்வேர். தம்பி, எல்லா ரோட்டுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் எந்த சாஃப்ட்வேரும் ஒரே விடையைத்தான் தரும்.

இந்தியா இதில் பின்தங்கி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐ.ஆர்.சி.37 என்ற நம் கையேடு 1970-இல் சி.பி.ஆர். வளைகோட்டோடு தொடங்கியது. 1984-இல் லாரி எண்ணிக்கைக்குப் பதிலாக, எல்லா லாரிகளையும் ஒரே அளவு 'திட்ட அச்சாக' மாற்றி மில்லியனில் எண்ணும் கணக்குக்கு மாறியது. 2001-இலேயே அடுக்குக் கணக்குக்கு வந்துவிட்டது. 2012, 2018 பதிப்புகள் முழுக்க இயந்திரவியல்-அனுபவ முறைதான். சூத்திரங்களும் இந்திய ரோடுகளில் சாலை அமைச்சகத்தின் ஆய்வுத் திட்டங்கள் திரட்டிய தரவைக் கொண்டு பொருத்தியவை. சிமெண்ட் கலந்த சப்பேஸ், அதன்மேல் சிமெண்ட் கலந்த பேஸ், அதற்கும் மேல் வெடிப்பை மேலே வரவிடாமல் தடுக்க 100 மில்லிமீட்டர் ஜல்லி அடுக்கு என்ற அமைப்பும் கையேட்டில் இருக்கிறது. ஆக, முறை ஏற்கெனவே வந்தாகிவிட்டது. ஆபீஸ் மேசைக்கு வந்ததோடு நின்றுவிட்டது என்பதுதான் குறை.

மேசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடிமண்ணின் மீட்சிக் குணகம் (எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் எண்) வேண்டும். அளப்பதற்கு வசதியில்லை. சரி, சி.பி.ஆர். 5-க்குள் இருந்தால் பத்தால் பெருக்கு. 5-க்கு மேலே போனால் அதை 0.64 என்ற அடுக்கெண்ணுக்கு உயர்த்தி 17.6-ஆல் பெருக்கு. அந்த சி.பி.ஆர். எங்கிருந்து வந்தது? பக்கத்துப் பேக்கேஜ் (ஒப்பந்தப் பகுதி) ரிப்போர்ட்டிலிருந்து. தார்க்கலவைக்கு? வி.ஜி.40 ரகத் தார் என்றால் 35 டிகிரியில் 3000 மெகாபாஸ்கல் என்று அட்டவணை சொல்கிறது, போடு. இப்படிக் கைக்கணக்காக உள்ளே போனது, வெளியே வரும்போது நாலு தசம இடத்தோடு திரிபாக வருகிறது. அந்த நாலு தசமத்தைப் பார்த்து எல்லோரும் கும்பிடுகிறோம்.

அந்தத் தசமங்களின் மதிப்பைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். நம் கையேட்டுச் சூத்திரத்தில் தார் வெடிப்புக்கான அடுக்கெண் (power) 3.89. திரிபு கணக்கைவிட 10 சதவீதம் கூடிப்போனால் ஆயுள் சுமார் 31 சதவீதம் குறையும். சக்கரத் தடத்துக்கான அடுக்கெண் 4.5337, அதே 10 சதவீதம் 35 சதவீதத்தைத் தின்னும். தென்னாப்பிரிக்க முறையின் 1996 வடிவில் அடிமண்ணுக்கான அடுக்கெண் 10. அங்கே அதே 10 சதவீதப் பிசகில் ஆயுள் 61 சதவீதம் போய்விடும். போக்குவரத்து ஏறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 20 வருட ரோடு 8 வருடத்துக்குள் முடிந்துவிடும். குணகத்தை இருமடங்கு தவறாக யூகிக்கிற இடத்தில் 10 சதவீதம் எந்த மூலைக்கு?

ஆகவே தென்னாப்பிரிக்க முறையைத் தெய்வமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. இங்கே இருக்கிறவர்களே அதைக் குடைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஜி1 போன்ற ஜல்லி அடுக்குக்கு உராய்வும் ஒட்டுறவும் சேர்ந்த வலிமையை வைத்து ஒரு பாதுகாப்பு எண் கணக்கிடுவார்கள். அதற்குத் தகைவு வேண்டும்; தகைவைத் தருவது மீள்பொருள் கணக்கு. அந்தக் கணக்குக்கு ஜல்லி என்பது கோந்து போட்டு ஒட்டிய பலகை. எனவே அடுக்கின் அடிப்பக்கத்தில் இழுவிசை வருகிறது என்று சாதாரணமாகச் சொல்லும். உதிரி ஜல்லியை எப்படி இழுக்க முடியும்? வழக்கில், இழுவை வந்தால் அதைப் பூஜ்யம் என்று வைத்து மேலே போகிறார்கள். சமாளிப்புதான். ஆனால் ஜி1-க்குக் கொடுத்திருக்கும் வலிமை எண்கள் ஈரம், உலர்வு என்று தனித்தனியாகச் சோதித்து எடுத்தவை, ரோட்டில் ஓட்டிச் சரிபார்த்தவை. சமாளிப்பு எங்கே நடக்கிறது, எவ்வளவுக்குத் தாங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஊர் மாற்றி எடுத்துப் போனால் அந்தத் தெரிதல் கூடவே வராது.

சுமையும் அப்படித்தான். 1996 முறையில் 80 கிலோநியூட்டன் அச்சு, ஒரு பக்கத்து இரட்டைச் சக்கரத்துக்கு 40, டயர் அழுத்தம் 520 கிலோபாஸ்கல். இன்று டர்பன் துறைமுகத்தை விட்டு என்3 நெடுஞ்சாலையில் ஏறும் லாரியின் டயரில் 800 வைத்திருப்பது சாதாரணம். ரயிலில் போக வேண்டிய சரக்கும் ரோட்டுக்கு வந்துவிட்டது. சட்டப்படியே ஒரு லாரி 56 டன் வரை போகலாம். மேலே 40 மில்லிமீட்டர் தார் மட்டும் இருக்கிற ரோட்டில் டயர் அழுத்தம் நேராக ஜி1-இன் தலையில் விழுகிறது. ஊர் லாரிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது குழிக்கு வருகிறேன். எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

பழைய ரோட்டைப் புதுப்பிக்கும் முன் இங்கே கட்டாயம் சோதனைக் குழி தோண்டுவார்கள். டர்பனுக்கு மேற்கே கேட்டோ ரிட்ஜ் பக்கம் சமீபத்தில் ஒன்று தோண்டினோம். ஒரு லேனை கூம்பு வைத்து அடைத்து, கொடிக்காரப் பெண் ஒருத்தி லாரிகளை நிறுத்தி நிறுத்தி விட, இடது சக்கரம் போகிற தடத்தில் கதவு அளவுக்கு ரம்பத்தால் அறுத்து எடுத்தோம். என்னோடு வந்தவர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர். லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், குழி என்றால் கூப்பிட்டால் வந்துவிடுவார். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். இந்த ஊர் வழக்கப்படி நான் அவரை அங்கிள் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பேச்சு முழுக்க இங்கிலீஷ்தான், ஆனால் கல்லையும் மண்ணையும் திட்டும்போது மட்டும் தமிழ் வந்துவிடும்.

தார் மேல்பரப்பில், வெடிப்புகளின் ஓரமாக வெள்ளை வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. கீழிருந்து தண்ணீரோடு பீய்ச்சி வந்த பொடி. அதைப் பார்த்ததுமே அங்கிள் உதட்டைப் பிதுக்கினார். தாரைப் பெயர்த்தோம், ஜல்லி அடுக்கு பரவாயில்லை, ஆனால் அடியில் ஈரம் பளபளத்தது. அடுத்து சிமெண்ட் சப்பேஸ். கடப்பாரை போட்டால் 'டங்' என்று திருப்பி அடிக்க வேண்டிய அடுக்கு, மேல் இரண்டு விரல்கிடைக்கு நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. அங்கிள் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து வெட்டிய முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் அடித்தார். சிமெண்டின் காரத்தன்மை மிச்சம் இருந்தால் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும். கீழ்ப்பாதி மாறியது. மேல்பாதி ஈரமானது, அவ்வளவுதான், நிறமே வரவில்லை.

"பிங்க் வரல தம்பி. மேல செத்துப்போச்சு."

அந்த ரோட்டின் டிசைன் தாளில் இந்தச் சாவுக்கும் இடம் இருந்தது, ஓரளவுக்கு. சிமெண்ட் அடுக்கு என்றென்றைக்கும் கெட்டியாக இருக்காது, போக்குவரத்து மிதிக்க மிதிக்க வெடித்து ஒரு கட்டத்தில் ஜல்லிக்குச் சமமாகிவிடும் என்பதைத் தென்னாப்பிரிக்க முறை ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொள்கிறது. ஆயுளை இரண்டு கட்டமாகக் கணக்கிடுவார்கள். அடுக்கின் விறைப்பு முதல் கட்டத்தில் ஆயிரக்கணக்கில் மெகாபாஸ்கல், இரண்டாம் கட்டத்தில் சில நூறு. அடி ஆட்டம் கண்டால் மேலே ஜி1-க்கும் கீழே அடிமண்ணுக்கும் சுமை கூடும். அவற்றின் மிச்ச ஆயுள் அதற்கேற்பச் சுருங்கும். ஆராய்ச்சிக்காரர்கள் குழிக்குள் பார்த்ததைக் கணக்குக்குள் கொண்டு வந்திருக்கிறார்கள். உலகத்தில் பல முறைகள் செய்யாத நேர்மை இது என்பேன்.

ஆனால் சூத்திரம் சக்கரத்தை மட்டும்தான் எண்ணும். நிறம் வராததற்குக் காரணம் சக்கரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. காற்றில் இருக்கும் கரியமில வாயுவே சிமெண்டின் காரத்தைத் தின்றுவிடும். அடுக்கைப் போட்டதும் ஈரம் காக்காமல் காயவிட்டிருந்தால் ரோடு திறக்கும் முன்பே தின்றிருக்கும். அந்தப் பகுதி டோலரைட் பாறையும் மழை அதிகமான இந்தக் கிழக்குப் பக்கத்தில் நாளடைவில் களியாகச் சிதையக்கூடியது. இதெல்லாம் எந்த சாஃப்ட்வேர் பெட்டியில் நிரப்புவது? குழிக்குள் இறங்கினால்தான் தெரியும். அடியில் டி.சி.பி. என்ற கூம்பு முனைக் கம்பியை அடித்து இறக்கினோம். 8 கிலோ சுத்தியல் 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழ, கூம்பு இறங்கும் ஆழத்தை அங்கிள் கத்தக் கத்த நான் எழுதினேன். இந்த ஊரில் வளர்த்தெடுத்த கருவி, ஒரு கம்பியும் ஒரு சுத்தியலும்தான், இன்று உலகம் முழுக்கப் போயிருக்கிறது. கிராமச் சாலைக்கு இதைவிட மலிவாக அடிமண்ணைப் பற்றிச் சொல்லும் கருவி எனக்குத் தெரியாது.

சரி, ஜூனியர் என்ன செய்யலாம்? என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது: ஒவ்வொரு டிவிஷன் ஆபீசிலும் ஒரு சாஃப்ட்வேர் தேவையே இல்லை. தென்னாப்பிரிக்கா கணக்கையும் சோதனையையும் பெரும்பாலும் ஓரிடத்தில் செய்துவிட்டு, முடிவை டி.ஆர்.எச்.4 என்ற மெல்லிய கையேட்டில் படங்களாகப் போட்டுவிட்டது. 1996 பதிப்பு இன்னும் என் மேசையில் கிடக்கிறது. சாலை எந்தப் பிரிவு, ஏ-யா டி-யா. போக்குவரத்து எந்த வகுப்பு, 10 லட்சம் அச்சா ஒரு கோடியா. ஈரப் பகுதியா வறண்ட பகுதியா. மூன்றையும் சொன்னால் அடுக்குகள் படமாக வந்துவிடும். ஏ பிரிவு என்றால் 95 சதவீத நம்பகம், டி என்றால் 50 போதும். கிராமச் சாலைக்கு என்ஜினியர் பட்டப்படிப்பு முழுவதையும் கொட்ட வேண்டாம். கரிசலுக்கு ஒரு தாள், தேரிக்கு ஒரு தாள், டெல்டா களிமண்ணுக்கு ஒரு தாள் என்று தமிழ்நாட்டுக்கு இப்படி ஒன்று இருந்தால், பேக்கேஜுக்குப் பேக்கேஜ் காப்பியடித்த ரிப்போர்ட் எழுதும் வேலையாவது மிச்சமாகும்.

அந்தத் தாளுக்கான எண்கள் தோண்டாமல் வராது. சிமுலேட்டர் வாங்கப் பணமில்லை என்றால் ஏற்கெனவே செத்த ரோடுகள் இருக்கின்றனவே. போட்ட தேதியும் பழைய வரைபடமும் கிடைக்கிற ரோடுகளாகப் பொறுக்கி, தோண்டி, தடிமன் அளந்து, அச்சுச் சுமை எடைபோட்டு, கணக்கைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். ரோடு செத்த வருடத்தைச் சூத்திரம் சரியாகச் சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் எந்த உள்ளீடு பொய் சொன்னது? இதை அவனுக்கு விலாவாரியாக எழுதினேன்.

பதில் உடனே வந்தது. "அண்ணே, எஸ்டிமேட்ல தோண்டுறதை எந்த ஐட்டத்துல போடுறது?"

நியாயமான கேள்வி. இங்கே டெண்டரிலேயே குழிக்குத் தனி ரேட் உண்டு: போக்குவரத்துத் தடுப்பு, தோண்டுதல், லேப் சோதனை, மூடுதல் என்று தனித்தனி வரி. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். மூடுவதற்கு எதற்குத் தனி வரி, தோண்டுகிறவனே மண்ணைத் தள்ளிவிட்டுப் போகலாமே என்று கேட்டான். ஒவ்வொரு அடுக்கையும் பழையபடி இறுக்கி, கடைசியில் ஓரத்தை அடைக்காவிட்டால் அடுத்த மழைக்கு அந்தக் குழியே ரோட்டுக்குத் தண்ணீர்க் குழாய் ஆகிவிடும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.